ஸ்காட்லாந்துக் கல்லறைக் கல்லிலிருந்து நகர ஏடுகள் வரை: ஒரு நகரத்துக் குடும்பத்தைத் தேடும் வழி

ஸ்காட்லாந்தில் பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றை அரசு பதியத் தொடங்கியது 1855 ஜனவரி 1 அன்று. அதற்கு முந்தைய காலத்துக்குத் தேவாலயங்களின் பழைய பாரிஷ் பதிவேடுகள்தான் கதி. அவற்றில் மிகப் பழையது 1553-ல் தொடங்குகிறது. திருமுழுக்கையும் திருமணத்தையும் ஓரளவு எழுதிவைத்தார்கள். அடக்கத்தைப் பல ஊர்களில் எழுதவே இல்லை. ஆகவே 1855-க்கு முன் இறந்த ஒருவரின் இறந்த நாளைச் சொல்ல அவருடைய கல்லறைக் கல்லை விட்டால் வேறு சாட்சி கிடைக்காமல் போகலாம்.

டண்டீ, எடின்பரோ, அபர்தீன் போன்ற, அரச பட்டயம் பெற்ற நகரங்களில் தலைமுறை தலைமுறையாக வணிகமும் நகர்மன்றப் பதவியும் வகித்த குடும்பங்களைத் தேடுவோருக்கு இன்னொரு பெரிய வசதி உண்டு. பாரிஷ் ஏடு மௌனமாக இருக்கும் இடத்தில் நகரத்தின் ஏடு பேசும். கல்லை முதலில் ஒழுங்காகப் படித்து, பிறகு அதை நகர ஏடுகளோடு பொருத்திப் பார்ப்பதுதான் இங்கே சொல்லப்போகும் வழி. கல்லில் ஓர் எழுத்தைத் தவறாகப் படித்தால் அந்தத் தவறு கடைசிவரை கூடவே வரும் என்பதால், முதல் பாதிக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

போகும் முன்

அந்தக் கல்லறைத் தோட்டத்தின் கல்வெட்டுகளை யாராவது முன்பே படியெடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். ஸ்காட்டிஷ் ஜீனியாலஜி சொசைட்டிக்காக மிட்செல் தம்பதியர் 1855-க்கு முந்தைய கற்களை மாவட்டவாரியாகப் பட்டியலிட்டிருக்கிறார்கள். அபர்தீன் வட்டாரத்துக்கும் டே ஆற்றுப் பகுதிக்கும் தனித்தனிக் குடும்ப வரலாற்றுச் சங்கங்கள் இருக்கின்றன. அவையும் இந்தப் பணியைச் செய்துவருகின்றன. மிட்செல் பட்டியல்கள் பெரும்பாலும் சுருக்கம்தான்: பெயர், ஆண்டு, உறவு இருக்கும், வேத வசனமும் சின்னமும் வரி அமைப்பும் விடுபட்டிருக்கும். இன்று தேய்ந்துபோன ஒரு கல்லின் முழு வாசகம் 19-ஆம் நூற்றாண்டில் அச்சான உள்ளூர் நூலில் தப்பியிருக்கலாம். அவற்றையும் தேடி வையுங்கள். ஆனால் கல்லின் முன் நின்று முதல் முறை படிக்கும்போது அச்சுப் படியைத் திறக்காதீர்கள். முன்பே ஒரு பெயரைப் படித்துவிட்டால் தேய்ந்த இடத்திலும் கண் அதே பெயரைத்தான் பார்க்கும்.

அடக்க நிலத்தின் ஒரு பங்கை ஸ்காட்லாந்தில் 'லேர்' என்பார்கள். ஒவ்வொரு லேரும் யாருக்குச் சொந்தம், யார் யார் அடக்கம் என்று சொல்லும் பதிவேடுகள் பொதுவாக இன்று உள்ளாட்சி மன்றத்திடமோ நகர ஆவணக் காப்பகத்திடமோ இருக்கும். கல்லே நடாத லேர்கள் ஏராளம் என்பதால் இந்த ஏட்டைக் கேட்காமல் தேடலை முடிக்கக் கூடாது.

கையில் கொண்டுபோக வேண்டியவை சில: பென்சில் இரண்டு (மழையில் பேனா மை ஓடும்), கெட்டி அட்டை, அளவு நாடா, 30-க்கு 45 சென்டிமீட்டர் அளவில் உடையாத, முகம் பார்க்கும் அக்ரிலிக் கண்ணாடி ஒன்று, எல்.இ.டி. டார்ச், கறுப்புக் குடை, தண்ணீர் தெளிப்பான், மிக மென்மையான தூரிகை. கேமராவுக்குக் கைப்பேசியே போதும்.

வெளிச்சம்தான் பாதி வேலை

கல் படிக்க முடியவில்லை என்று திரும்பிவிடுகிறவர்களில் பலர் தவறான நேரத்தில் வந்தவர்கள். வெயில் கல்முகத்தில் நேராக விழுந்தால் வெட்டிய எழுத்துக்கு நிழலே இராது, மழமழவென்று தெரியும். வெயில் முகத்தை உரசிக்கொண்டு பக்கவாட்டில் போனால் அரை மில்லிமீட்டர் பள்ளமும் கறுப்பாக எழும்.

பழைய வழக்கப்படி உடலை மேற்கில் தலைவைத்து, கிழக்கு நோக்கிப் படுக்கவைப்பார்கள். அதனால் கற்களின் முகம் பெரும்பாலும் கிழக்கையோ மேற்கையோ பார்த்திருக்கும். ஸ்காட்லாந்தில் சூரியன் உச்சிக்கு வருவது ஆண்டுச் சராசரியில் சுமார் 12.10-லிருந்து 12.20-க்குள், கோடைகாலக் கடிகாரத்தில் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். கிழக்கு பார்த்த கல்லுக்கு அந்த உச்சிக்கு முந்தைய அரை மணி நேரம் பொன்னான நேரம். மேற்கு பார்த்த கல்லுக்கு அதற்குப் பிந்தைய அரை மணி நேரம். காலை 9 மணிக்குக் கிழக்கு முகக் கல்லைப் படம் எடுத்தால் வீண். வடக்கு பார்த்த கல்லுக்குக் கோடையின் அதிகாலையும் அந்தியும் தவிர வெயிலே படாது. அதற்குத்தான் கண்ணாடி. உதவிக்கு வந்தவர் இரண்டு மூன்று மீட்டர் தள்ளி, கல்லின் ஓரத்துக்கு நேராக வெயிலில் நின்று, ஒளியைத் திருப்பி முகத்தின் குறுக்கே ஓடவிட வேண்டும். ஒரே கோணத்தில் நிறுத்தாதீர்கள். இடமிருந்து வரும் ஒளியில் நெட்டுக் கோடுகள் எழும். மேலிருந்து வரும் ஒளியில் படுக்கைக் கோடுகள் எழும். 1-ஐயும் 7-ஐயும் பிரித்தறிய மேலிருந்து வரும் ஒளி வேண்டும்.

மேகமூட்டமான நாளில் (ஸ்காட்லாந்தில் அது பெரும்பாலான நாள்) கறுப்புக் குடையை விரித்துப் பொது ஒளியை மறைத்து, டார்ச்சைக் கல்லோடு ஒட்டிப் பிடியுங்கள். தரையில் கிடக்கும் பலகைக் கற்களுக்கு மழை விட்டு ஒரு மணி நேரம் கழித்துப் போவது நல்லது. மேற்பரப்பு காய்ந்து வெளுக்கும்போது எழுத்துப் பள்ளம் மட்டும் ஈரத்தில் கறுத்து நிற்கும். அந்தத் தருணம் பத்து பதினைந்து நிமிடம்தான் நீடிக்கும். கேமராவைக் கையில் வைத்துக்கொண்டே காத்திருங்கள்.

தொடக் கூடாதது

17, 18-ஆம் நூற்றாண்டுக் கற்களில் பெரும்பகுதி மணற்கல். ஈரம் உள்ளே இறங்கி, பனியில் உறைந்து விரியும்போது மேல்தோல் அடுக்கடுக்காக உரியும். வெளியே உறுதியாகத் தெரியும் முகத்தின் பின்னால் வெற்றிடம் இருக்கலாம். அதனால் கம்பித் தூரிகை, ப்ளீச், சோப்பு, சுண்ணக்கட்டி, மாவு, சவர நுரை எதுவும் கூடாது. சுண்ணக்கட்டியால் எழுத்தை நிரப்புவது இன்னும் சிலரிடம் இருக்கும் பழக்கம். அது கல்லைச் சுரண்டுவதோடு, நீங்கள் ஊகித்த எழுத்தை அடுத்து வருபவருக்கு உண்மையாக்கிவிடுகிறது. தாள் வைத்து உரசிப் படியெடுப்பதும் உரியும் கல்லுக்கு ஆகாது. கற்பாசியைச் சுரண்டினால் அதோடு கல்லின் தோலும் வரும். பறவை எச்சமோ மண்ணோ மறைத்தால், கல் திடமாக இருந்தால் மட்டும், தண்ணீரும் மென்தூரிகையும் போதும்.

புல் மூடிய கல்லைத் தோண்டாதீர்கள். பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கப்பட்ட இடங்களில் அது சட்டமீறல். பழமைச் சின்னங்களைக் காக்கும் அரசு அமைப்பான ஹிஸ்டாரிக் என்விரான்மென்ட் ஸ்காட்லாந்தின் அனுமதி வேண்டும். நிற்கும் கல்லில் சாயாதீர்கள். அரை டன் கல் ஒரு பக்கமாக ஆடிக்கொண்டிருப்பது பார்த்தால் தெரியாது.

எழுதிக்கொள்ளும் முறை

கல்லில் வரி எங்கே முடிகிறதோ அங்கே ஒரு சாய்கோடு. முற்றும் அழிந்த எழுத்துக்குப் புள்ளிகள், எழுத்துக்கு ஒன்றாக. நீங்கள் ஊகித்ததற்குச் சதுர அடைப்பு. எழுத்துப்பிழையைத் திருத்தாதீர்கள்; பெயரை எப்படி உச்சரித்தார்கள் என்பதற்கு அந்தப் பிழையே தடயம். குறைந்தது நான்கு படங்கள் வேண்டும்: முழுக் கல், பின்பக்கம், எழுத்துப் பகுதி, பக்கத்துக் கற்களோடு சேர்ந்த காட்சி. கடைசியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். உறவினர்களின் லேர்கள் பெரும்பாலும் அடுத்தடுத்து இருக்கும். மருமகனின் பெயர் மூன்றாவது கல்லில் கிடைக்கும்.

எழுத்தும் எண்ணும் தடுக்கும் இடங்கள்

பழைய கல்லில் 'ஐ' என்ற ஆங்கில எழுத்து 'ஜே'-க்கும் சேர்த்து நிற்கும். 'யூ'-வுக்குப் பதில் 'வி' வரும். இடத்தை மிச்சப்படுத்த இரண்டு மூன்று எழுத்துகளை ஒரே தூணில் கோத்துவிடுவார்கள்: 'டி'-யும் 'ஹெச்'-சும் 'இ'-யும் ஒன்றாகி ஒரே வடிவமாகத் தெரியும். 'என்' கண்ணாடியில் பார்த்ததுபோல் திரும்பியிருந்தால் வியக்க வேண்டாம்; சிற்பிக்கு அது சாதாரணம். மாதப் பெயர்களில் 7-ஐ எழுதிப் 'பர்' என்று முடித்தால் செப்டம்பர், 8 என்றால் அக்டோபர், 9 நவம்பர், 10 டிசம்பர். அதை ஜூலை, ஆகஸ்ட் என்று படித்துப் பதிவேற்றிய குடும்ப மரங்கள் எத்தனையோ.

ஆண்டுக் கணக்கிலும் ஒரு கண்ணி உண்டு. ஸ்காட்லாந்தில் 1600-லிருந்துதான் ஜனவரி 1 புத்தாண்டு நாளானது. அதற்கு முன் மார்ச் 25-ல் ஆண்டு பிறந்தது. ஆகவே கல்லில் 1588 பிப்ரவரி என்றிருந்தால் நம் கணக்கில் அது 1589. இங்கிலாந்து இந்த மாற்றத்தை 1752-ல்தான் செய்தது. ஆங்கில வழிகாட்டிகளைப் படித்துவிட்டு 1752 வரை திருத்தம் போடுகிறவர்கள் 17-ஆம் நூற்றாண்டுத் தேதிகளை எல்லாம் ஓராண்டு தள்ளிவிடுகிறார்கள்.

வயது 'அறுபத்து மூன்றாம் ஆண்டில்' என்றிருந்தால் அவர் நிறைவு செய்தது 62. லத்தீனில் 'அன்னோ ஏட்டாட்டிஸ்' என்று வந்தாலும் இதே கணக்கு.

பெயரும் பட்டமும்

ஸ்காட்லாந்தில் அந்தக் காலத்தில் திருமணமான பெண் சட்டப்படியும் வழக்கப்படியும் தன் பிறந்த வீட்டுப் பெயரை விட்டதில்லை. கல்லிலும் அந்தப் பெயரே வரும். குடும்பத்தைத் தேடுகிறவருக்கு இதைவிடப் பெரிய கொடை இல்லை. ஒரு கல்லில் இரண்டு ஜோடி முதலெழுத்துகளும் 1652 என்ற ஆண்டும் மட்டும் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஜோடி கணவன், இரண்டாவது ஜோடி மனைவி. இரண்டாவதின் கடைசி எழுத்து அவளுடைய தகப்பன் வீட்டுப் பெயரின் முதலெழுத்து. மூன்று எழுத்துகள் இருந்து முதலாவது 'எம்' என்றால் அது பெரும்பாலும் 'மாஸ்டர்': பல்கலைக்கழகப் பட்டதாரி, பலசமயம் போதகர். 17-ஆம் நூற்றாண்டில் அந்த அடைமொழி யாருக்கும் சும்மா போடப்படவில்லை.

'ரெலிக்ட்' என்றால் விதவை. 'ரைட்டர்' என்றால் எழுத்தாளர் இல்லை, வழக்கறிஞர். ஒரு நிலப் பெயருக்கு முன் 'ஆஃப்' வந்தால் அந்த நிலத்தின் உடைமையாளர், 'இன்' வந்தால் குத்தகைதாரர் அல்லது அங்கே குடியிருந்தவர். இந்த ஒரு சின்ன இடைச்சொல் ஒரு குடும்பத்தின் நிலையையே சொல்லிவிடும். 'லேட் ப்ரோவோஸ்ட்' என்பதைக் 'காலஞ்சென்ற' என்று அவசரப்பட்டு எடுக்காதீர்கள். 'முன்னாள்' என்ற பொருளும் அதற்கு உண்டு. கல் நட்டபோது அவர் உயிரோடுகூட இருந்திருக்கலாம்.

அன்றைய நகரப் பதவிகள் இப்படி: ப்ரோவோஸ்ட் நகரத் தலைவர், பெய்லிகள் அவருக்கு அடுத்த நிலையில், நகர நீதிமன்றத்தையும் நடத்துவோர், டீன் ஆஃப் கில்ட் வணிகர் சங்கத் தலைவர், கட்டட வழக்குகளும் அவரிடம்தான், டீக்கன் ஒரு கைத்தொழில் சங்கத்தின் தலைவர், டீக்கன் கன்வீனர் எல்லாத் தொழில் சங்கங்களுக்கும் தலைவர். லத்தீனில் 'பிரெபோசிட்டஸ்' ப்ரோவோஸ்ட், 'பாலிவஸ்' பெய்லி, 'பர்ஜென்சிஸ்' நகரக் குடியுரிமை பெற்றவர். 'கான்சுல்' என்று வந்தால் நகர்மன்றத்தில் இருந்தவர் என்பதோடு நிறுத்திக்கொண்டு, எந்தப் பதவி என்பதை மன்ற ஏட்டில் பாருங்கள்.

சின்னங்கள்

டண்டீயின் ஹௌஃப் கல்லறைத் தோட்டம் இதைப் படிப்பதற்கு நல்ல பள்ளிக்கூடம். பிரான்சிஸ்கன் துறவிகளின் மடத்து நிலம் அது. ராணி மேரி 1564-ல் நகரத்துக்கு அடக்க நிலமாகக் கொடுத்தார். நகரின் ஒன்பது தொழில் சங்கங்கள் 1776 வரை கல்லறைகளுக்கு நடுவே கூடித்தான் கூட்டம் நடத்தின. கூடும் இடம் என்பதே 'ஹௌஃப்' என்ற சொல்லின் பொருள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கற்கள் அங்கே இருக்கின்றன.

கிரீடத்தின் கீழ் சுத்தியல் என்றால் உலோகத் தொழிலாளர் சங்கம். அந்தச் சங்கத்தில் கொல்லர் மட்டுமில்லை, ஆயுதம் செய்வோர், ஈயப் பாத்திரம் செய்வோர், சேணம் தைப்போர் எல்லாரும் இருந்தார்கள். ஆகவே சுத்தியலைப் பார்த்ததும் 'கொல்லர்' என்று எழுதிவிட வேண்டாம். கிரீடத்தின் கீழ் பிறைவடிவக் கத்தி செருப்புத் தைப்போர், கத்தரிக்கோலும் இஸ்திரிப் பெட்டியும் தையற்காரர், அடுப்பிலிருந்து ரொட்டி எடுக்கும் நீள்காம்புத் துடுப்பு ரொட்டிக்காரர், தறியில் ஓடும் நாடா என்றால் நெசவாளர். வணிகரின் முத்திரை 4 என்ற எண்ணின் வடிவில், அடியில் முதலெழுத்துகளோடு இருக்கும். மண்டையோடு, குறுக்கெலும்பு, மணற்கடிகாரம், சிறகுள்ள முகம் ஆகியவை எல்லாருக்கும் பொதுவான சாவு நினைவூட்டல்கள். குடும்பத்தைப் பற்றி அவை ஒன்றும் சொல்லாது. கடற்கொள்ளையர் என்று கதை கட்டுவதைக் கேட்டால் நம்பாதீர்கள்.

நகர ஏடுகள்

இனி ஆவணக் காப்பகம். முதலில் தேட வேண்டியது பர்ஜஸ் பட்டியல், அதாவது நகரக் குடியுரிமை பெற்றவர்களின் பட்டியல். அந்தக் காலத்தில் நகரத்தில் கடை வைக்கவும் தொழில் நடத்தவும் பர்ஜஸ் உரிமை வேண்டியிருந்தது. அதைத் தகப்பன் வழியாகவோ, பர்ஜஸ் ஒருவரின் மகளை மணந்தோ, தொழில் பழகி முடித்தோ, பணம் கட்டியோ பெற்றார்கள். எந்த வழியில் பெற்றார் என்பதைப் பதிவு சொல்லும். 'தன் மனைவியின் உரிமையால்' என்று எழுதி மாமனார் பெயரைக் குறித்திருந்தால், திருமணப் பதிவேடு தொலைந்துபோன ஊரிலும் மனைவியின் குடும்பம் கைக்கு வந்துவிடும். கல்லில் கிடைத்த அந்த இரண்டாவது ஜோடி முதலெழுத்துகளை இங்கேதான் பொருத்த வேண்டும்.

டண்டீயில் இந்தப் பட்டியலுக்கு 'லாக்கிட் புக்' என்று பெயர். அபர்தீனின் மன்றப் பதிவேடுகள் 1398-லிருந்து பெரும்பாலும் தொடர்ச்சியாக இருக்கின்றன. எடின்பரோவின் பர்ஜஸ் பட்டியலையும், 1583 முதல் 1666 வரையிலான தொழில் பழகுநர் பதிவேட்டையும் ஸ்காட்டிஷ் ரெக்கார்ட் சொசைட்டி அச்சிட்டிருக்கிறது. பழகுநர் பதிவில் தகப்பன் பெயரும் ஊரும் வரும் என்பதால், கிராமத்திலிருந்து நகரத்துக்கு வந்த முதல் தலைமுறையைப் பிடிக்க அதுவே வழி.

பதவி ஆண்டில் கவனம் வேண்டும். நகர்மன்றத் தேர்தல் செப்டம்பர் 29-ஐ ஒட்டி, மைக்கேல்மஸ் பருவத்தில் நடக்கும். 1712-ல் தேர்ந்தவர் 1713 இலையுதிர் காலம் வரை பதவியில் இருப்பார். கல்லில் ஓராண்டு, பட்டியலில் ஓராண்டு என்று முரண்பட்டால் முதலில் இதைச் சரிபாருங்கள். பாதி முரண்பாடுகள் இங்கேயே தீரும். மூடிய வட்டத்துக்குள் பழைய மன்றமே புதிய மன்றத்தைத் தேர்ந்துகொண்ட இந்த முறையை 1833 சீர்திருத்தம் மாற்றியது. ஒரே குடும்பப் பெயர் பட்டியலில் திரும்பத் திரும்ப வருவதற்கு அந்த மூடிய முறை ஒரு காரணம். டண்டீயில் வெட்டர்பர்ன் குடும்பம் தலைமுறைகளாக நகர எழுத்தர் பதவியை வைத்திருந்தது; அபர்தீனில் பிட்ஃபாடல்ஸ் மென்சீஸ் குடும்பம் ப்ரோவோஸ்ட் நாற்காலியை விடவில்லை. இத்தகைய குடும்பங்களில் தாத்தா, மகன், பேரன் மூவருக்கும் ஒரே பெயர் வரும். பதவியும் மனைவி பெயரும் சேர்ந்து பொருந்தினால் ஒழிய இருவரை ஒருவராக்காதீர்கள்.

பெயர் வைக்கும் வழக்கமும் துணைக்கு வரும்: மூத்த மகனுக்குத் தகப்பனின் தகப்பன் பெயர், இரண்டாவது மகனுக்குத் தாயின் தகப்பன் பெயர், மூத்த மகளுக்குத் தாயின் தாய் பெயர். நம் ஊரில் பேரனுக்குத் தாத்தா பெயர் வைப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. எங்கே தேடலாம் என்று காட்ட இது உதவும். சான்றாகக் கொள்ள முடியாது. இறந்த குழந்தையின் பெயரை அடுத்த குழந்தைக்கு வைப்பதும் சகஜம்.

அடக்கப் பதிவு இல்லாவிட்டால் சவப்போர்வைக் கணக்கைக் கேளுங்கள். பிரேதத்தின் மேல் போர்த்தும் துணியைத் தேவாலயச் சபையோ தொழில் சங்கமோ வாடகைக்குக் கொடுக்கும். தேதியும் தொகையும் கணக்கில் இருக்கும். பெரிய போர்வை, சிறிய போர்வை என்று பிரித்து எழுதியிருந்தால் சிறியது குழந்தைக்கு.

உயிலும் வீடும்

உயில் ஆவணத்தை ஸ்காட்லாந்தில் 'டெஸ்டமென்ட்' என்பார்கள். 1823 வரை கமிசரி நீதிமன்றங்கள் அதை உறுதிசெய்தன, பிறகு ஷெரிஃப் நீதிமன்றங்கள். அசையும் சொத்து மட்டுமே அதில் வரும். 1868 வரை நிலத்தையும் வீட்டையும் உயிலில் எழுத முடியாது. அதனால் மூத்த மகனின் பெயரே இல்லாத டெஸ்டமென்ட் உண்டு. அவர் வீட்டை எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான். வீட்டைப் பின்தொடர, வாரிசு உறுதிப் பதிவுகளையும் நிலமும் வீடும் கைமாறுவதைப் பதியும், 1617-ல் தொடங்கிய சசைன் பதிவேட்டையும் பாருங்கள். அரச நகரங்கள் தங்களுக்கென்று தனிச் சசைன் ஏடு வைத்திருந்தன; நகரத்துக் குடும்பத்துக்கு அதுதான் முக்கியம்.

டெஸ்டமென்டின் இறுதியில் சொத்தை எத்தனை பங்காக்குவது என்று இருக்கும். மூன்று பங்கு என்றால் மனைவியும் பிள்ளைகளும் உயிரோடு இருக்கிறார்கள். இரண்டு பங்கு என்றால் மனைவி அல்லது பிள்ளைகள், இருவரில் ஒரு தரப்பு மட்டும். பெயர் ஒன்றும் சொல்லாத ஆவணத்திலும் இந்த ஒரு வரி குடும்பத்தின் நிலையைக் காட்டிவிடும்.

1855-ஐக் கடந்தவர்கள்

அந்த முதல் ஆண்டின் இறப்புப் பதிவு அள்ளிக் கொடுக்கும்: பிறந்த ஊர், துணைவர், பிள்ளைகளின் பெயரும் வயதும், பெற்றோர். வேலைப் பளு தாங்காமல் 1856-ல் பலவற்றைக் குறைத்துவிட்டார்கள். அடக்கம் செய்த இடம் 1855 முதல் 1860 வரையிலான இறப்புப் பதிவுகளில் இருக்கிறது. கல் இல்லாதவரின் கல்லறையைக் கண்டுபிடிக்க அந்த ஆறு ஆண்டுகள் பொக்கிஷம். இவையும் பழைய பாரிஷ் ஏடுகளும் டெஸ்டமென்ட்களும் ஸ்காட்லாண்ட்ஸ்பீப்பிள் தளத்தில் படமாகக் கிடைக்கின்றன.

கல்லை எவ்வளவு நம்பலாம்

கல் நட்ட ஆண்டும் இறந்த ஆண்டும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. மூன்று தலைமுறைப் பெயர்களும் ஒரே கையெழுத்தில், ஒரே ஆழத்தில் வெட்டப்பட்டிருந்தால், கடைசித் தேதிக்குப் பிறகு பேரன் ஒருவன் ஞாபகத்திலிருந்து சொல்லி வெட்டியது அது. முதல் பெயரின் தேதியை அப்போது சந்தேகத்தோடு எடுங்கள். பதவிகளை வரிசையாகச் சொல்லும் பெரிய சுவர்ச் சின்னங்களும், எடின்பரோ கிரேஃப்ரையர்ஸ் கல்லறைத் தோட்டத்தில் உள்ள, 1629-ல் இறந்த வணிகர் ஜான் பையர்ஸுடையதைப் போல, குடும்பம் ஊருக்குச் சொல்ல விரும்பியதைச் சொல்பவை. ஒவ்வொரு பதவியையும் மன்ற ஏட்டில் தனித்தனியே சரிபார்க்க வேண்டும்.

கல்லில் பெயர் இருப்பதால் உடல் அங்கே இருக்கிறது என்று ஆகாது. 'மெட்ராஸில் இறந்தார்', 'சிலோனில் இறந்தார்' என்ற வரிகள் ஸ்காட்லாந்துக் கற்களில் அடிக்கடி வரும். கிளாஸ்கோ வணிகர் ஒருவரின் மகனும் மெட்ராஸ் ஆளுநருமான தாமஸ் மன்றோ 1827-ல், இன்றைய ஆந்திரத்தில் உள்ள பத்திகொண்டாவில் காலராவில் இறந்து, முதலில் கூத்தியில் அடக்கமாகி, 1831-ல் சென்னை புனித ஜார்ஜ் கோட்டை புனித மேரி தேவாலயத்துக்கு மாற்றப்பட்டார். ஒரே மனிதருக்கு இரண்டு அடக்க இடங்கள். இப்படிப்பட்ட வரியைக் கண்டால் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ள இந்தியா ஆஃபீஸ் ஆவணங்களில் என்/2 என்ற மெட்ராஸ் வரிசையைக் கேளுங்கள்; திருமுழுக்கு, திருமணம், அடக்கம் மூன்றும் அதில் உண்டு. கல்லில் வெறும் ஆண்டு மட்டும் இருந்தாலும் அங்கே நாளும் ஊரும் கிடைக்க வாய்ப்பு அதிகம். சென்னையில் இருப்பவர்கள் மெட்ராஸ் மாகாணக் கல்லறை வாசகங்களை ஜே. ஜே. காட்டன் தொகுத்து 1905-ல் வெளியான பட்டியலையும் பார்த்துவிட்டு, புனித மேரி தேவாலயத்தின் முற்றத்தில் பதித்திருக்கும் கற்களை நேரில் படிக்கலாம். அவையும் படுக்கைக் கற்கள்தான். காலை 7 மணிக்குள் போய்விடுங்கள்.